எண்ணெய்க்காரருக்கு முன்வாசல்

அப்பா கோட்டைகளைப் பின்பக்கமாகத்தான் அறிந்திருந்தார்.

பெயர் நோர்பெர்ட். பெல்ஜியத்தில் புரூஜ் நகரத்துக்குத் தெற்கே இருக்கும் ஊர்களில் முப்பத்தோரு வருஷம் எண்ணெய் லாரி ஓட்டினார். குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய். எங்கள் பக்கம் கோட்டைகளுக்குக் குறைவில்லை. வயலைத் தாண்டி ஒரு மரக்கூட்டம் தெரிந்தால், உள்ளே ஓர் அகழியும் அதற்குள் ஒரு கோட்டையும் இருக்கும். எல்லாவற்றிலும் பாய்லர் உண்டு. எண்ணெய் ஊற்றும் குழாய்வாய் எல்லாவற்றிலும் பின்சுவரில்தான் இருக்கும். அப்பா லாரியைச் சமையல்கட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டு, நாற்பது மீட்டர் குழாயைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு போவார். ரசீதில் கையெழுத்துப் போடச் சமையல்காரியோ தோட்டக்காரரோ வருவார்கள். எந்தக் கோட்டையில் எத்தனை லிட்டர் தொட்டி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அதன் முன்வாசல் எந்தத் திசை பார்த்தது என்று கேட்டால் யோசிப்பார்.

"ஐயாயிரம் லிட்டர் கேட்டவங்க ஐந்நூறு கேக்க ஆரம்பிச்சா, அடுத்த வருஷம் காட்டுல ஒரு துண்டு விக்கப் போறாங்கன்னு அர்த்தம்" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே கோட்டை பார்க்கக் கிளம்பிவிட்டார். அவரால் உட்கார முடியாது. சூப் குடிக்கும்போதுகூட மேஜைக்கடியில் ஒரு கால் ஆடிக்கொண்டிருக்கும். ஞாயிறுதோறும் சைக்கிள். வழியில் திருப்பத்துக்குத் திருப்பம் பலகைகளில் இருக்கும் சைக்கிள் பாதை எண்களை வரிசையாக ஒரு சீட்டில் எழுதி ஹாண்டில்பாரில் ஒட்டிக்கொள்வார். அம்மா இறந்த பிறகு நானும் கூடப் போனேன். லிஃப்ட், பாய்லர், அழுத்தக் கலன்களைச் சோதித்துச் சான்று கொடுப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமையாவது எதையும் சோதிக்காமல் இருக்கலாம் என்று நினைத்தேன்.

டிக்கெட் வாங்கி முன்வாசல் வழியாக உள்ளே போவதுதான் அவருக்கு முக்கியம். கால்மிதியில் மூன்று தடவை ஷூவைத் தேய்ப்பார். கதவின் கைப்பிடியைத் தொட்டுப் பார்ப்பார். அதன் பிறகு ஓவியம், நாற்காலி, வெள்ளிப் பாத்திரம் எதிலும் கண் நிற்காது. அறைக்கு அறை நடப்பார். கடைசியில் தடுப்புக் கயிற்றைத் தாண்டுவார்.

"ஐயா, கயித்துக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது" என்றாள் ஒரு வழிகாட்டிப் பெண்.

"தெரியும்மா. இந்தச் சுவருக்குப் பின்னாடி பாய்லர் குழாய் போகுதான்னு மட்டும் பாக்குறேன்."

"இது நானூறு வருஷத்துச் சுவருங்க."

"சுவரு நானூறு. குழாய் அறுபத்தெட்டுல போட்டது. அதுல ஓடின வெந்நீரு நான் ஊத்தின எண்ணெயில சூடானது."

நான் கையைப் பிடித்து இழுத்தேன். "வாப்பா, மானம் போகுது."

"நீ போய் பான்கேக் தின்னு. வர்றேன்."

வரமாட்டார். பூங்காவில் அகழியின் மதகைத் தேடிப் போயிருப்பார். நான்தான் பெரிய மரங்களுக்கு நடுவே அவரைத் தேடிக்கொண்டு அலைய வேண்டும்.

இப்படி நாற்பதுக்கு மேல் பார்த்துவிட்டோம். பாக்கி இருந்தது லிண்டவாலே. பரோன் என்ற பட்டமுள்ள ஒரு பிரபுவின் தனிச் சொத்து. பூங்காவின் ஓரத்தில் நடக்க ஒரு பாதை மட்டும் திறந்திருக்கும். வீட்டுக்கு யாரையும் விடமாட்டார்கள். அப்பா ஏழு கடிதம் எழுதினார். ஏழுக்கும், பரோன் உடல்நலமின்றி இருக்கிறார், மன்னிக்கவும் என்று ஒரே வரியில் பதில் வந்தது.

லிண்டவாலேக்கு ஒரு கதை உண்டு. எண்பத்தைந்து ஜனவரி. பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி உறைகுளிர். அங்கே தொட்டி காலி. அப்பா போனபோது முன்பாதையில் பனியைத் தள்ளிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். பின்முற்றத்தில் இடுப்பளவு பனி. முன்படிகள் வழியாகக் குழாயைக் கொண்டுபோனால் பத்து நிமிஷ வேலை. அவர் முதல் படியில் கால் வைத்ததும் மேல் ஜன்னலில் பரோன் தெரிந்தார். ஜன்னலைத் திறக்கவில்லை. ஒரு விரலைத் தூக்கி ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். பின்பக்கமாகச் சுற்றி வா. அப்பா இரண்டு மணி நேரம் பனியை வாரினார். ஒவ்வொரு குளிர்காலமும் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார். "ஒரு வார்த்தைகூட இல்ல. ஒரே ஒரு விரல்." காலாட்டம் அப்போது மட்டும் நிற்கும்.

எழுபத்தெட்டு வயதில் அவருடைய நுரையீரல் சுருங்கத் தொடங்கியது. வீட்டில் மின்சாரத்தில் ஓடும் ஆக்ஸிஜன் பெட்டியும், எட்டு மீட்டர் நீளக் குழாயும் வந்தன. அந்த எட்டு மீட்டருக்குள் நாள் முழுக்க நடப்பார். ஜன்னல், அடுப்பு, கதவு, திரும்ப ஜன்னல். "நாப்பது மீட்டர் இழுத்தவனை எட்டு மீட்டர்ல கட்டிப் போட்டுட்டாங்க" என்பார்.

மார்ச்சில் பரோன் இறந்த செய்தி வந்தது. ஏப்ரலில் கடிதம். பரோனின் மனைவி, சீமாட்டியின் கையெழுத்து: *வியாழன் மூன்று மணிக்கு வாருங்கள்.*

"இந்த வாரம் வேணாம்ப்பா. டாக்டரைக் கேட்டுட்டு, மே மாசம் போலாம்."

"மே மாசம் நான் எங்க இருப்பேன்னு டாக்டர் சொன்னாரா?"

சொல்லியிருந்தார். என்னிடம். நான் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

வெளியே எடுத்துப் போக ஒரே ஒரு சிறிய சிலிண்டர் இருந்தது. இரண்டு லிட்டர் கொள்ளளவு, இருநூறு பார் அழுத்தம். நானூறு லிட்டர் ஆக்ஸிஜன். உட்கார்ந்திருந்தால் நிமிஷத்துக்கு இரண்டு, ஏறினால் ஐந்து. காரில் போக இருபத்தைந்து நிமிஷம், வர இருபத்தைந்து. அளவுமானியில் நூறு வந்தால் என்ன ஆனாலும் திரும்புவது என்று தீர்மானித்தேன். பாதியில் திரும்பு. என் தொழிலில் இதைவிடக் குறைவான பாதுகாப்பு விளிம்புக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை.

லிண்டவாலேயில் பூங்கா முழுக்கக் காட்டுப்பூண்டு வாசனை. சரளைக்கல்லில் சக்கர நாற்காலி புதைந்து புதைந்து போனது. சீமாட்டி ஒடீல் ரப்பர் பூட்ஸோடு வந்தார். எண்பத்தொரு வயது, முழங்கையில் கிழிந்த ஸ்வெட்டர். படிகளைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார்.

"ஏழு படி இருக்கே. தோட்டக்காரர் வேற லீவு. பின்பக்கமாப் போயிடலாமா? அங்க ஒரு படிகூடக் கிடையாது."

"அந்த வழி எனக்கு நல்லாத் தெரியும், சீமாட்டியம்மா" என்றார் அப்பா. "முப்பத்தோரு வருஷம் அதுலதான் வந்தேன்."

"அப்பா, பிடிவாதம் பிடிக்காதே. உள்ளே போறதுதானே முக்கியம்?"

"யார் சொன்னா?"

எழுந்துவிட்டார். நான் சிலிண்டரைத் தோளில் மாட்டி, திருகை ஐந்துக்கு வைத்தேன். அழுத்தம் நூற்று எழுபத்தைந்து.

முதல் படி. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். இரண்டாவது படியில் இருமல். மூன்றாவதில் கால்களை நம்பாமல் உட்கார்ந்துகொண்டார். சீமாட்டியும் ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க வீட்டுக்காரரு எனக்கு ஒரு தடவை விரல் காட்டினாரு" என்றார் அப்பா, மூச்சுக்கு மூச்சு ஒரு வார்த்தையாக. "அந்த ஜன்னல்லேர்ந்து. இப்படி."

அவர் போட்ட வட்டத்தைப் பார்த்ததும் சீமாட்டி வாய்விட்டுச் சிரித்தார். "அந்த விரலா? அம்பத்தாறு வருஷம் அதோட குடித்தனம் பண்ணியிருக்கேன், எண்ணெய்க்காரரே. உப்பு வேணும்னாலும் அந்த விரல்தான்."

"எனக்கு அப்ப சிரிப்பு வரல."

"எனக்கும்தான் வரல." சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அந்தக் குளிருல எங்க வீட்டுக்கு எண்ணெய் கொண்டுவந்தது நீங்கதானா? கடைசிப் பையன் அப்போ கைக்குழந்தை. சமையல்கட்டுல தூக்கிட்டு நடந்துகிட்டே இருந்தேன். உங்க மம்பட்டிச் சத்தம் கேட்டுது."

அப்பா கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டார். எழுந்து நாலாவது படியில் ஏறினார்.

ஏழாவது படிக்கு வர அரை மணி நேரம் ஆனது. சீமாட்டி முன்னால் போய்க் கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்து பிடித்துக்கொண்டார். உள்ளே கறுப்பு வெள்ளைக் கல்தரை, மேலே போகும் மாடிப்படி, எங்கோ சொட்டும் நீர். அப்பா கால்மிதியில் ஷூவைத் தேய்த்தார். ஒரு தடவை. இரண்டு தடவை.

மானியைப் பார்த்தேன். நூறு.

"அப்பா, திரும்பணும்."

"என்னது?"

"பாதி தீர்ந்துடுச்சு. இறங்கணும், காருக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்."

"கண்ணு, அஞ்சு நிமிஷம். அந்த மாடிப்படி வரைக்கும்."

"முடியாதுப்பா."

"காத்தைக் கொஞ்சமா விடு. நான் கம்மியா மூச்சு விடுறேன்."

"அப்படியெல்லாம் முடியாது."

என் முகத்தைப் பார்த்தார். பாய்லர் விஷயத்தில் நான் சொன்னால் மறுபேச்சுப் பேசமாட்டார். வெளியிலும் என்னைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொள்வார். வலது கால் நிலைப்படிக்கு மேல் போயிருந்தது. அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் சீமாட்டியிடம். "இன்னொரு நாள் வர்றேன்."

"கதவு இங்கதான் இருக்கும்" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து சேர்ந்து, பெரிய பெட்டியில் குழாயை மாற்றிய பிறகு சிலிண்டரைப் பார்த்தேன். அறுபது பார். நூற்றிருபது லிட்டர். உட்கார்ந்திருந்தால் முழுதாக ஒரு மணி நேரம். ஹாலில் ஒரு நாற்காலி இருந்தது. அந்த மாடிப்படிக்குப் பக்கத்திலேயே.

"எவ்வளவு பாக்கி இருக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லப்பா. சரியா வந்து சேர்ந்தோம்."

"பாத்தியா? நான் பாட்டுக்கு உள்ளே போயிருந்தா ரோட்டுல செத்திருப்பேன்." என் கையைத் தட்டினார். "என்ன கணக்கு! இத்தனை வருஷம் ஜனங்க லிஃப்ட்டுல பயமில்லாம ஏறுறது சும்மாவா?"

ஒன்பதாம் நாள் காலை, ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவில் விழுந்தார். அங்கேயே போய்விட்டார்.

அதன் பிறகு வார இறுதிகளில் வீட்டில் இருக்க முடியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று கோட்டை, நாலு கோட்டை. டிக்கெட் வாங்குவேன், உள்ளே போவேன், பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவேன். பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் உடனே எழுந்துவிடுவேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: கடைசி ஆசைக்குப் படியேற்றிவிட்டாய், நல்ல பெண். நான் தலையாட்டினேன்.

ஜூனில் லிண்டவாலேக்குப் போனேன். ஏழு படி ஏற பன்னிரண்டு வினாடி ஆனது. சீமாட்டி கதவைத் திறந்து ஹாலிலேயே ஒரு நாற்காலியைக் காட்டினார். கூரை ஒழுகும் இடத்தில் ஒரு வாளி. காபி கொண்டுவந்தார். நான் நின்றுகொண்டே குடித்தேன்.

"உக்காருங்களேன்."

"பரவாயில்லை."

வாளியில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவர் கேட்டார்: "அன்னிக்கு நிஜமாவே நேரம் இல்லையா? கேக்கக் கூடாதுதான். ஆனா இந்தப் பக்கம் நடக்குறப்ப எல்லாம் நெனப்பு வருது."

யாரும் கேட்டிராத கேள்வி.

"இருந்துது" என்றேன். "ஒரு மணி நேரம் இருந்துது. வீட்டுக்குப் போய்ப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. அவர்கிட்ட இல்லைன்னு பொய் சொல்லிட்டேன்."

ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"சொல்லியிருக்கணும்" என்றார். "சொல்லியிருந்தா மறுநாளே திரும்ப வந்திருப்பாரு, அந்த மனுஷன்."

"ஆமா. வந்திருப்பாரு."

அவர் எழுந்து வாளியைத் தூக்கப் போனார். முழுதாக நிரம்பியிருந்தது, அவரால் தூக்க முடியவில்லை. நான் மறுபக்கம் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருமாகச் சமையல்கட்டு வழியாகப் பின்முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், சுவரோரத்தில் ஊற்றினோம்.