கப்பலில் வந்த மருமகள்

ஏழு வயதில் எனக்கு ஜென்ம விரோதியாக இருந்தது ஒரு கல் உடைக்கிற இயந்திரம். அதை நான் கண்ணால் பார்ப்பதற்கு வெகுநாள் முன்பே அதன்மேல் எனக்கு வயிற்றெரிச்சல் வந்துவிட்டது. உலகச் சண்டை முடிந்திருந்த சமயம். அரியலூரில் ரோட்டு வேலை எடுத்திருந்த ஒரு காண்டிராக்டர், ஜல்லி உடைப்பதற்காகச் சீமையிலிருந்து அதை வரவழைத்தார். கப்பலிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பை, அவரிடம் வேலை பார்த்த என் மாமாவிடம் ஒப்படைத்தார். மாமா என் அம்மாவுக்கு ஒரே தம்பி. கல்யாணம் ஆகாதவர். அதுவரை அவர் முழுக்க முழுக்க என்னுடைய சொத்து.

எனக்கு அப்போது காது குத்தியிருக்கவில்லை. எங்களில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அதுவும் ஒற்றைப்படை வயதில். ஐந்து வயதில் ஏதோ தீட்டு வந்து தள்ளிப்போயிற்று. ஏழில் மாமா மெட்ராஸ் துறைமுகத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். என்னைவிடச் சின்னவளான சித்தப்பா மகள் காதில் ஜிமிக்கி ஏறிவிட்டது. யாரும் கேட்காத கேள்விக்கெல்லாம் அவள் தலையை ஆட்டிப் பதில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கப்பல் இதோ வருகிறது, அதோ வருகிறது என்றார்கள். ஊர் திரும்பும் சிப்பாய்களை ஏற்றுவதுதான் கப்பல்களுக்கு முதல் வேலையாம், இரும்புக்கு அப்புறம்தான் இடமாம். ஒருவழியாக வந்த கப்பலும் கரைக்கு வராமல் கடலிலேயே நங்கூரம் போட்டு நின்றது. கனத்த சாமான்களைத் தூக்கும் பெரிய கிரேன் இருக்கும் இடம் காலியானால்தான் உள்ளே விடுவார்களாம். கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் என் காதுகுத்துக்குக் குறித்த நாள் அதனால் இரண்டு தடவை மாறியது. இங்கிலாந்து ராஜாவே எனக்கு எதிராகச் சதி செய்வதாக நினைத்தேன்.

சரக்கை இறக்கி முடித்து, ரயிலில் இடம் கிடைக்கக் காத்திருந்த நாட்களில் மாமா ஒருமுறை வந்துபோனார். என்னைத் தூக்கிவைத்துக்கொண்டு அவர் பேசியதெல்லாம் அதைப் பற்றித்தான்.

"நாலு மூலையிலயும் சங்கிலி மாட்டித் தூக்குனாங்கக்கா. அந்தரத்துல நிக்குது. கீழ ஒருத்தன் பேசல. மெத்தையில புள்ளைய எறக்குற மாதிரி எறக்குனான் கிரேன்காரன். உப்புக்காத்து பட்டாத் துரு ஏறிடும்னு ஒடம்பு பூரா கிரீஸைப் பூசி, மரச்சட்டத்துக்குள்ள படுக்க வச்சு அனுப்பிருக்கான் வெள்ளைக்காரன்."

துறைமுகக் கொட்டகையில் அதன் பக்கத்திலேயே துண்டை விரித்துப் படுத்தாராம். எனக்கு ஒரு தீபாவளிக்காவது இவர் எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறாரா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

"ஒன் மாமனுக்கு இப்ப அதான் மருமவ. கப்பல்ல வந்த மருமவ. ஒன்னைய யாரு சீந்துறா?" என்றார் அப்பா. அப்பாவுக்கு மாமாவைக் கண்டால் ஆகாது. காரணம் அம்மாதான். "என் தம்பி கப்பல் சரக்கையே எறக்கிட்டு வரான். உங்களுக்குச் சந்தையில சொத்தை இல்லாத கத்தரிக்கா பாத்து வாங்கத் தெரியல" என்பாள். அப்பா கத்தரிக்காயைத் தள்ளிவிட்டுச் சாப்பிடுவார்.

ஆனி மாதக் கடைசியில் இயந்திரம் அரியலூர் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது. அடுத்தது ஆடி, நல்ல காரியம் செய்ய மாட்டார்கள். ஆவணி பிறந்தால் எனக்கு எட்டு வயது. அம்மா அவசரமாக நாள் பார்த்தாள். ஆனால் இயந்திரத்தைத் தரையில் இறக்குவதற்குக் காண்டிராக்டரும் நாள் பார்த்திருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே நாள், ஒரே நல்ல நேரம். தன்னால் நகர முடியாது என்று மாமா சொல்லி அனுப்பினார்.

"அவன் வரலைன்னா நாம போவோம். இவ ஒம்போது வயசு வரைக்கும் மூளிக்காதோட நிக்கணுமா?" என்றாள் அம்மா. ஆசாரியையும் தாம்பாளத்தையும் என்னையும் வண்டியில் ஏற்றினாள். அப்பா முணுமுணுத்துக்கொண்டே மாட்டை ஓட்டினார். பெருமாள் கோயிலில் நடக்க வேண்டிய என் காதுகுத்து, கூட்ஸ் ஷெட்டுக்கு வந்தது இப்படித்தான்.

திறந்த வேகனின்மேல் அது உட்கார்ந்திருந்தது. மரச்சட்டத்தைப் பிரித்துவிட்டு நெற்றி போலிருந்த இடத்தில் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்திருந்தார்கள். அதன் மாலை என் மாலையைவிடப் பெரியது. பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு சக்கரம். மாமா அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கப்பல் சரக்கு என்றால் ஏதோ அழகாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இவ்வளவு அவலட்சணத்துக்காகவா என்னை விட்டார் என்று இன்னும் ஆத்திரமாக வந்தது.

அரியலூரில் கிரேன் ஏது? வேகனிலிருந்து தரைக்குத் தண்டவாளக் கட்டைகளைச் சரிவாகப் போட்டு, இருபக்கமும் முட்டுக் கொடுத்திருந்தார்கள். மேலே இருந்தபடி ஆட்கள் கயிற்றைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மாமா சரிவுக்குப் பக்கத்தில் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து என்னை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு கை என் வயிற்றில். கண் முழுக்க அங்கே. "விடு... பிடி... விடு..." என்று என் தலைக்கு மேலாகவே சொல்லிக்கொண்டிருந்தார். வலது காதில் ஊசி இறங்கியது. நான் வீறிட்டேன். "ஆச்சுடா கண்ணு" என்றார், இயந்திரத்தைப் பார்த்தபடி. எனக்குச் சொன்னாரா அதற்குச் சொன்னாரா என்று இன்றைக்கும் தெரியாது.

அது பாதிச் சரிவு வந்திருக்கும். திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் வைக்க மறந்துவிட்டது காண்டிராக்டருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. புதிதாக வரும் எந்த வண்டியும் பழத்தை நசுக்காமல் மண்ணைத் தொடக் கூடாது. "யாராச்சும் பழத்த வைங்கப்பா" என்றார். அதுவரை ஒரு வேலையும் இல்லாமல் ஓரமாக நின்ற அப்பா, அம்மா பார்க்கிறாளா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, பழத்தை வாங்கிக்கொண்டு சரிவுக்கு அடியில் போய்க் குனிந்தார்.

ஆசாரி இடது காதில் ஊசியை வைத்தார். மேலே ஒரு பக்கத்துக் கயிறு பட்டென்று அறுந்தது.

மாமா எழுந்த வேகத்தில் நான் மூட்டைமேல் உருண்டேன். ஊசி கோணலாக ஏறிவிட்டது. மாமா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே கிடந்த கடப்பாரையை எடுத்து, ஒரு பக்கத்து முட்டுக்கட்டையை அடித்துத் தள்ளினார். நேராக வந்துகொண்டிருந்த இயந்திரம் அந்தப் பக்கமாகச் சாய்ந்து, அப்பா குனிந்திருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கவிழ்ந்தது. அந்தப் பெரிய சக்கரம் இரண்டாகப் பிளந்தது.

சொந்த மருமகள் நான் விழுந்தது தெரியவில்லை, இரும்பு விழுவது தெரிந்து ஓடுகிறாரே என்றுதான் நான் அழுதேன். அம்மாவும் என்னிடம் வரவில்லை. புழுதியில் உட்கார்ந்திருந்த அப்பாவின் தோளையும் முதுகையும் ஏதோ காணாமல் போனதைத் தேடுகிற மாதிரி தடவிக்கொண்டிருந்தாள். ரத்தம் என் காதில். தடவுவது அவரை. என்னைத் தூக்கிவிட்டவர் ஆசாரிதான்.

"கடல் தாண்டி வந்ததக் கரையேத்தத் தெரியாம ஒடச்சிட்டியே. இனிமே என் கண்ணுல முழிக்காத" என்றார் காண்டிராக்டர். வேறு சக்கரத்துக்கு மறுபடி சீமை, மறுபடி கப்பல். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்களோடு வண்டி ஏறினார்.

எனக்கு அன்று உள்ளூர ஒரே குஷி. எதிரி உடைந்தாள், மாமா திரும்பிவிட்டார். வேலை இல்லாததால் எங்கள் வீட்டிலேயே இருந்தார். ஆனால் அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. அவரைக் கண்டாலே ஆகாத அப்பா, இப்போது அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளாமல் சாப்பிடுவதில்லை. நான் மாமா பக்கத்தில் போய் இடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "நீ அந்தாண்ட போ பாப்பா" என்பார். இயந்திரத்திடமிருந்து மீட்ட மாமாவை அப்பாவிடம் பறிகொடுத்தேன்.

ஒரு நாள் அவர்கள் இருவரும் சாப்பிடும்போது அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"அந்த மிசினு ஒடஞ்சது நல்லதுதானேம்மா?"

அப்பா பிசைவதை நிறுத்தினார். மாமா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அம்மா அப்பாவையே பார்த்தபடி, "ஆமாண்டி, அது ஒடஞ்சதே நல்லது" என்றாள். சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது.

அவளுக்கும் அதன்மேல் என்னைப் போலவே இவ்வளவு பொறாமை இருந்திருக்கிறது என்று நினைத்து எனக்கு ஆறுதலாக இருந்தது.