ஏரி நடுவே நீலப் புள்ளி

டியூஷன் என்று சொல்லிவிட்டு செமினி ஏரியில் கயாக் என்ற துடுப்புப் படகு ஓட்டுகிறேன். அம்மாவுக்குத் தண்ணீர் என்றாலே பயம். தெரிந்தால் நிறுத்திவிடுவார்.

போன் படகுக்குள் பையில் கிடப்பதால் ஜிபிஎஸ் சரியாக எடுக்காது. நான் இருக்கும் இடத்தை அம்மாவின் போனில் காட்டும் நீலப் புள்ளி, கரையில் டியூஷன் நடக்கும் கடைவரிசையிலேயே நிற்கும்.

இன்று கோச், "ஆப்புல உன் படகு போன கோடு கோணலா வருது லா. போனைத் தோள்ல கட்டு, வானம் தெரியணும்" என்றார். கட்டினேன். கோடு துல்லியமாக வந்தது; அம்மா பார்க்கும் புள்ளியை மறந்துவிட்டேன்.

வீட்டில் அம்மா கேட்டார்: "இன்னிக்கு கிளாஸ் எங்கம்மா நடந்துச்சு?"

"எப்பவும் போற இடம்தான்மா."

இப்போது டியூஷன் பையைத் திறந்தால், புத்தகங்களுக்கு மேல் அம்மா ஒரு துவாலை மடித்து வைத்திருக்கிறார்.

பொறியோ என்று பயமாக இருக்கிறது. போர்வைக்குள் ஒளிந்துதான் எழுதுகிறேன். உங்கள் அம்மா துவாலை வைத்தால் அதற்கு என்ன அர்த்தம்?