பிளக்கைப் பிடுங்கிப் பார்த்து வாங்கிய கார்டு

திருவண்ணாமலையில் ஒரு சின்ன தனியார் மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நோயாளிகளின் பரிசோதனை முடிவுகள் எல்லாம் ஒரே சர்வரில்தான் இருந்தன. ஒரு மழை நாளில் மின்சாரம் போனது, யுபிஎஸ்ஸும் கைவிட்டது. சர்வர் மறுபடி ஓடியபோது மின்சாரம் போவதற்குச் சற்று முன் பதிவான முடிவுகளில் சில இல்லை.

அதில் ஒன்று, கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த ஒரு கர்ப்பிணியுடையது. திரும்பவும் ரத்தம் எடுக்க வேண்டும் என்று நான்தான் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "காலையில குடுத்த ரத்தம் எங்கங்க போச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

டிஸ்க்குகள் நன்றாகத்தான் இருந்தன. அவற்றைச் சேர்த்து நடத்தும் ரெய்டு கன்ட்ரோலர் கார்டில்தான் கோளாறு. எழுத வேண்டியதைத் தன்னிடமே சற்று நேரம் வைத்துக்கொண்டு, எழுதிவிட்டதாக முன்கூட்டியே சொல்லிவிடும். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனால், கையில் இருந்தது போனதுதான்.

வேலூரிலிருந்து வந்த விற்பனையாளர் இரண்டு கார்டுகளைக் காட்டினார். ஒன்று புதியது, வேகமானது. மற்றது கொஞ்சம் பழைய மாடல், வேகம் கம்மி. ஆனால் மின்சாரம் நின்றாலும் கையில் உள்ளதைக் காப்பாற்றும் பேட்டரி அதில் உண்டு. பௌர்ணமியன்று பதிவு வரிசை நீண்டுவிடுவதால் தலைமை டாக்டருக்கு வேகமானதுதான் பிடித்திருந்தது. முடிவு செய்யும் முன் சோதித்துப் பார்க்க அனுமதி கேட்டேன்.

பழைய சர்வர் ஒன்றில் தகவல்களின் நகலை ஏற்றி, வேகமான கார்டைப் பொருத்தி, பதிவுகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கினேன். மறுபடி போட்டபோது கடைசிப் பதிவுகளைக் காணோம். பக்கத்தில் நின்ற டாக்டர், "இன்னொரு கார்டையும் போட்டுப் பிடுங்கிப் பாருங்க" என்றார்.

பழைய மாடல் கார்டில் ஒரு பதிவுகூடத் தொலையவில்லை. நம்ப முடியாமல் விற்பனையாளரே அடுத்த முறை பிடுங்கினார். அப்போதும் எல்லாம் இருந்தது.

"இத்தன வருஷமா விக்கறேன், இப்படிப் பண்ணிப் பாத்ததே இல்லீங்க," என்றார் சிரித்துக்கொண்டே.

கார்டே கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று டாக்டர் கேட்டார். இதே வகைக் கார்டு இருந்தால்தான் இந்த டிஸ்க்குகளைப் படிக்க முடியும் என்றேன். "அப்ப ரெண்டா வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போனார்.

சில மாதங்கள் கழித்து ஒரு பௌர்ணமி. கிரிவலத்தில் கால் புண்ணானவர்களும் மயங்கி விழுந்தவர்களுமாகக் கூட்டம். சர்வர் அறையில் விடாமல் பீப் சத்தம் கேட்டது: ஒரு டிஸ்க் போய்விட்டிருந்தது. சர்வரை நிறுத்தாமலேயே அதை உருவிப் புதியதைச் செருகினேன். கார்டு மற்ற டிஸ்க்குகளிலிருந்து எடுத்து அதை நிரப்பத் தொடங்கியது. வெளியே பதிவு செய்துகொண்டிருந்த பெண்களுக்கு எதுவும் தெரியாது.

"ஏதோ கத்திட்டிருந்துச்சே?" என்று டாக்டர் போகிற போக்கில் கேட்டார்.

"ஒரு டிஸ்க் போச்சு டாக்டர். மாத்திட்டேன்."

தலையசைத்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். எனக்கு மனசு லேசாக இருந்தது. அதன் பிறகுதான், ஸ்கேன் படங்களையும் இதே சர்வரில் வைக்கலாமா என்று அவரே கேட்டார். வைக்கலாம் என்று தயங்காமல் சொன்னேன்.