வீட்ஸ்கே காட்டிய பெட்டி

தன் கைவேலையைத் தன் உடம்புக்குள் விட ஒருவர் துணிவாரா? நம்மில் பெரும்பாலோரிடம் வாழ்க்கை இவ்வளவு நேராகக் கேட்பதில்லை. வீட்ஸ்கேயிடம் கேட்டது.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் எங்கள் பட்டறையில் அவளும் யோரிட்டும் ஒரே மேசை. மணலளவு அல்ட்ராசவுண்ட் உணரியை ஊசியின் முனையில் பசையிட்டுப் பொருத்துவார்கள். உடம்புக்குள் போகும் ஊசி, தனக்கு முன்னால் இருப்பதைத் திரையில் காட்டும். பசையில் காற்றுக்குமிழி நின்றால் திரை இருண்டுவிடும். அதனால் ஒவ்வோர் ஊசியையும் தண்ணீரில் அமிழ்த்திச் சோதித்து, செய்தவர் பேரைப் பெட்டியில் எழுதித்தான் அனுப்புவோம். வீட்ஸ்கே தன்னுடையதை இரண்டு முறை அமிழ்த்துவாள். நல்ல வேலைக்காரி, கொஞ்சம் கர்வி.

"யோரிட், பசை தடவுறியா, ரொட்டிக்கு வெண்ணெய் தடவுறியா?"

"மகராசி வாயை மூடினா என் கை தானா ஆடாம நிக்கும்."

போன இலையுதிர்காலத்தில் அவள் வயிற்றில் ஒரு கட்டி தெரிந்தது. புற்றாக இருக்கலாம் என்றார்கள். ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். ஒட்டினாற்போலப் பெரிய ரத்தக்குழாய்.

மருத்துவமனையில் செவிலி கேட்டாள்: "உங்க பட்டறை ஊசிதானாமே! ரெண்டு பெட்டி இருக்கு. ஒண்ணுல உங்க பேரு, இன்னொண்ணுல யோரிட்னு போட்டிருக்கு. எதைப் பிரிக்கட்டும்?"

வீட்ஸ்கே படுத்தபடியே ஒன்றைக் காட்டினாள்.

ஊசி இறங்கியது. திரையில் ரத்தக்குழாய் கருவட்டமாகத் துடித்தது. மருத்துவர் முனையைச் சற்றுத் திருப்பி, அதைத் தொடாமல் கடந்தார்.

"கிடைச்சிருச்சு. இப்ப நல்லா மூச்சு விடுங்க."

அடுத்த வாரம் முடிவு வந்தது. புற்று இல்லை.

மறுநாள் காப்பி நேரத்தில் எல்லோருக்கும் தொம்பூஸ் என்ற கிரீம் கேக் வாங்கி வந்தாள். அவளை வாழ்த்தினோம். பிறகு எங்கள் ஊர் வழக்கப்படி, ஏதோ நாங்களே பிழைத்துவந்தது போல ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டோம். அன்று அது பொய்யாகவும் படவில்லை. கடித்த இடமெல்லாம் கிரீம் பிதுங்கியது. கண்ணைத் துடைக்கப்போன யோரிட் கன்னத்திலும் பூசிக்கொண்டான்.

"அது சரி, யாரோட ஊசி?" என்றான்.

"உன்னோடது."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "என்னோடதா? ஏன்?"

"என்னோடதை ரெண்டு தடவை அமிழ்த்தினாத்தான் நம்புவேன்; உன்னோடதுக்கு ஒரு தடவையே போதும்," என்ற வீட்ஸ்கே அவன் தட்டில் இன்னொரு தொம்பூஸை வைத்துவிட்டு, காப்பி ஊற்றப் போனாள்.