அக்காவின் கடைசி நூறு மீட்டர்

மலேசியாவின் குளுவாங் நகரில் ஒரு மருந்துக்கடையில் யாரோ தைலப் புட்டியைத் திறந்தார்கள். அந்த வாசனையில் எங்கள் எஸ்டேட் வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

அக்கா நாட்டுக்காக ஓடியவள். பயிற்சி முடிந்து வந்ததும் அப்பாதான் அவளது கெண்டைக்காலில் தைலம் தேய்ப்பார். ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிக் காய்த்துப்போன கை. அக்கா முகம் சுளித்துக்கொண்டே சிரிப்பாள்.

பாங்காக்கில் அவள் ஓடிய நூறு மீட்டர் இறுதிப் போட்டியை எங்கள் வீட்டு டிவியில் பார்த்தோம். பாதியில் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். எல்லாரும் ஓடி முடித்த பிறகு எழுந்து, நொண்டி நொண்டிக் கோட்டைக் கடந்தாள். அதன்பின் அவள் எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை.

ஓடி விழுந்த அன்று மாலையில் போன் செய்தாள். அப்பா கேட்டார்: "வலியோட எதுக்கும்மா எழுந்து நடந்த? அப்படியே படுத்திருக்கலாம்லா."

"நீங்க பார்த்துக்கிட்டு இருப்பீங்களேப்பா" என்றாள் அக்கா.

அப்பா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றார்.