பொன்புறாவும் ஒரு பொட்டலம் யங்கோனாவும்

ஃபிஜியில் ஆட்சிக் கவிழ்ப்புக்கு அடுத்த ஆண்டு, எங்களைப் போன்ற இந்திய வம்சாவளி ஜனங்கள் நாட்டை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, பா நகரத்தில் ஓகோவென்று நடந்த தொழில் என்னுடையதுதான். சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். பாஸ்போர்ட் படம், விசாப் படம். காலையில் கதவைத் திறக்கும்போதே குடும்பம் குடும்பமாக வாசலில் நிற்பார்கள். ஆக்லாந்து, சிட்னி, வான்கூவர் என்று ஆளுக்கொரு திசை. காது தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது, முகத்தில் நிழல் விழக் கூடாது. நிழல் விழுந்தால் படம் திரும்பி வந்துவிடும், வந்தவர்கள் என் தலையை உருட்டுவார்கள். இருபது வருடமாக நான் எடுத்ததெல்லாம் வெள்ளைத் திரைக்கு முன்னால் முழித்துக்கொண்டிருக்கும் முகங்கள்தான்.

எங்களுக்கும் விசா வந்துவிட்டது. அதை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் விமானம் ஏறுவதற்கு முந்தைய வாரம்வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கண் பட்டுவிடும் என்று பயம். ரராவாய் சர்க்கரை ஆலையில் குமாஸ்தாவாக இருந்த என் வீட்டுக்காரர், பகலில் வேலைக்குப் போய்க்கொண்டும் வீட்டில் ஜன்னலைச் சாத்திப் பெட்டி கட்டிக்கொண்டும் இருந்தார்.

அப்போதுதான் அந்த மராமா கடைக்கு வந்தார். ஃபிஜிக்காரப் பெண்களை நாங்கள் மரியாதையாக மராமா என்றுதான் கூப்பிடுவோம். இவர் மலை மேல் ஊர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். கரும்பு வெட்டும் கூட்டத்துக்குச் சமைத்துப் போட்டே வளர்ந்தவர் என்பதால் எங்களைவிடச் சரளமாக எங்கள் ஊர் இந்தி பேசுவார். ஜூலை, ஆகஸ்ட் எங்களுக்குக் குளிர்காலம். அந்த மாதங்களில் வெளிநாட்டுக்காரர்களை மலைக்குக் கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டிப் படம் எடுக்க வைப்பது அவர் தொழில். ஃபிலிம் வாங்குவது என்னிடம்தான்.

“மூணு பேரு வரதா இருந்தது தீதி. ஒருத்தரு டிவில நியூஸ பாத்துட்டு பயந்து நின்னுட்டாரு. கேரியர்ல எடம் சும்மாதான் போவுது. நீ வாயேன்” என்றார். தீதி என்றால் அக்கா; ஆள் ஏற்றிப் போகும் சின்ன லாரியைத்தான் கேரியர் என்போம்.

“எனக்கும் பறவைக்கும் இன்னா சம்பந்தம்?”

“சம்பந்தம் வேணாம். கேமரா இருக்கில்ல?”

விஷயத்தை அவர் ஒளிக்கவில்லை. அவர்கள் குலத்துக்குச் சொந்தமான காட்டில் மரம் வெட்ட அனுமதி கேட்டு ஆட்கள் வந்திருந்தார்கள். பெரியவர்கள் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார்கள். மராமாதான் குறுக்கே நின்று, மரத்தை வெட்டாமலே இந்தக் காட்டைப் பார்க்க ஜனங்கள் வருவார்கள், ஒரு குளிர்காலம் பொறுங்கள் என்று கேட்டிருந்தார். கவிழ்ப்புக்குப் பிறகு ஒரு ஈ காக்கை வரவில்லை. இதுதான் முதல் பயணம். வந்தவர்கள் அந்தக் காட்டின் பேர்போன பறவையான பொன்புறாவைப் படம் பிடிக்காமல் வெறுங்கையோடு திரும்பினால் அந்த ஞாயிற்றுக்கிழமையே கையெழுத்து விழுந்துவிடும்.

வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். “போற நேரத்துல ஒனக்கு இன்னாத்துக்கு மலை? கவிழ்ப்பப்போ அவங்காளுங்க நம்ம இந்தியக்காரங்க வூட்ட எரிச்சாங்களே, மறந்துட்டியா?”

மறக்கவில்லை. எனக்கும் பயம்தான். ஆனால் பிறந்ததிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் பின்னால் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், ஒரு நாளும் ஏறியதில்லை. அதை நினைத்தால் வெட்கமாக இருந்தது. பயத்தைவிட அந்த வெட்கம் பெரிதாக இருந்ததால் கிளம்பினேன்.

வெறுங்கையோடு ஒரு ஊருக்குள் போகக் கூடாது என்று தெரியும். யங்கோனா, அதாவது கரைத்துக் குடிக்கும் காவா, கொடுக்க வேண்டும் என்றும் தெரியும். ஆகவே பா நகரத்துக்காரி எதைச் செய்வாளோ அதைச் செய்தேன். கடைக்குப் போய், இடித்த யங்கோனாத் தூள் ஒரு பொட்டலம் வாங்கினேன். நாங்கள் சாயங்காலம் கரைத்துக் குடிப்பது அதைத்தான். மலையில் ஊர்த் தலைவர் வீட்டுப் பாயில் உட்கார்ந்து, மராமா ஒரு குழந்தையை ஏந்துவதுபோல முழு வேர்க்கட்டை எடுத்து முன்னால் வைத்தபோதுதான் கொடுக்க வேண்டியது தூள் இல்லை, வேர் என்று எனக்கு உறைத்தது. பொட்டலத்தைப் பையின் அடியில் திணித்தேன். தலைவர் எழுபது தாண்டிய கிழவர். வேரைத் தொட்டு ஏற்றுக்கொண்டார். எல்லாரும் கையைக் குழித்துத் தட்டினார்கள். வந்த மற்ற இருவரும் நியூசிலாந்துக்காரர்கள், வயதான கணவன் மனைவி. அவர்களும் தட்டினார்கள்.

மறுநாள் விடியலில் காட்டுக்குள் நடந்தோம். பனிமூட்டம் முழங்கால் உயரத்துக்கு நின்றது, மூச்சு விட்டால் புகை வந்தது. மராமா நடந்த நடையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. கனத்த உடம்பு, காலில் ரப்பர் செருப்பு, ஆனால் ஒரு சுள்ளி முறியவில்லை. எங்கள் மூவர் காலடியிலும் காடே நொறுங்கியது. திடீரென்று கையை உயர்த்தி நிற்பார், எங்கேயோ ஒரு இலை அசையும். அந்தப் பறவை பேசி முடித்த பிறகுதான் அது என்னவென்று சொல்வார். முந்திக்கொண்டு பேசுவது மரியாதை இல்லையாம். நான் வாடிக்கையாளரை ஒரு வார்த்தை பேச விட்டதில்லை. அவரைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் பொறாமையாகவும் இருந்தது.

பிறகு மேலே ஒரு நாய்க்குட்டி குரைத்தது. மரத்தில் எப்படி நாய் என்று நான் அண்ணாந்தேன். மராமா என் தோளைத் தொட்டுத் திருப்பினார். பத்தடி உயரத்தில், கிளையோடு ஒட்டி, மஞ்சள் அரைத்துக் குளித்ததுபோல உட்கார்ந்திருந்தது பொன்புறா. கத்தியது அதுதான். நியூசிலாந்துக்காரர் நீளமான லென்ஸை மெதுவாக உயர்த்தினார். நானும் கேமராவை உயர்த்தினேன். புறாவின் முகத்தில் ஒரு இலை நிழல் விழுந்திருந்தது.

அவ்வளவுதான். பிளாஷ் போடக் கூடாது என்று மராமா கிளம்பும்போதே சொல்லியிருந்தார், நானும் தலையாட்டியிருந்தேன். ஆனால் முகத்தில் நிழல் என்றால் என் விரல் என்னைக் கேட்பதில்லை. பளீரென்று காடு வெளுத்தது. புறா போய்விட்டது. நியூசிலாந்துக்காரர் ஒரு படமும் எடுத்திருக்கவில்லை.

அந்த மனிதர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. பதினாறு மணி நேரம் காத்திருந்து பார்த்தாலும் இனி அந்த மரத்துக்கு அது வராது, நாளை விடிந்ததுமே கீழே இறங்கிவிடலாம் என்று மனைவியிடம் சொன்னார். மராமா ஊருக்குத் திரும்பும்வரை என் பக்கம் திரும்பாமல் நடந்தார், அவர் தோள் இறங்கியிருந்தது. என் விசா என் கையில் இருக்கிறது, நான் போய்விடுவேன், அவர் காடு என்னால் போகப் போகிறது என்று நினைத்துக்கொண்டே பின்னால் நடந்தேன்.

ஃபிஜிக்காரர்களிடம் சொரோ என்று ஒன்று உண்டு. தப்புச் செய்தவர் யங்கோனா கொண்டுபோய்ப் பாயில் உட்கார்ந்து தலை குனிந்து மன்னிப்புக் கேட்பது. கேள்விப்பட்டிருந்தேன், பார்த்ததில்லை. மதியம் தலைவர் வீட்டுக்குப் போனேன். நியூசிலாந்துக்காரர்களும் அங்கேதான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்து, என் பொட்டலத்தை எடுத்து இரண்டு கையாலும் முன்னால் தள்ளினேன். பொட்டலத்தின் மேல் கடைக்காரன் ஒட்டிய சீட்டுகூட அப்படியே இருந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை ஃபிஜி மொழியில், தப்பு என்னுடையது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

ஓரத்தில் இருந்தவர்கள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. சொரோவுக்குத் தூள் கொண்டுவந்தவளை அந்த ஊர் அதுவரை பார்த்திருக்காது. தலைவர் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி அதைத் தொட்டு, மிக நீளமாக ஏதோ சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். மராமாவும் தட்டினார், அவர் கண் கலங்கியிருந்தது.

அந்த வெள்ளைக்காரத் தம்பதிக்கு மராமா ஆங்கிலத்தில் விளக்கினார்: ஏற்றுக்கொண்டால் விஷயம் முடிந்தது. இனி அதைப் பற்றிப் பேசுகிறவர் மேல்தான் தப்பு. அந்த மனிதர் மீசையைத் தடவிக்கொண்டார். என் பொட்டலத்தை அப்போதே கரைத்தார்கள். முதல் கிண்ணங்களில் ஒன்று அவருக்குப் போயிற்று. முகத்தைச் சுளித்தபடி குடித்து முடித்து, சரி, நாளைக்கும் பார்ப்போம் என்றார்.

மறுநாள் சனிக்கிழமை நான் கேமராவைத் தங்கிய வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். மராமா வேறு ஒரு பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போய் ஒரு மரத்து வேரின் மேல் எங்களை உட்கார வைத்தார். மூன்று மணி நேரம் யாரும் அசையவில்லை. அது வந்தது. நியூசிலாந்துக்காரரின் கேமரா சத்தம் வரிசையாகக் கேட்டது. கையில் ஒன்றும் இல்லாமல், நிழலும் வெளிச்சமுமாக அந்த முகத்தை நான் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த காலை வேறு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் கூடினார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். தலைவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: திரும்பி வருவீர்களா? நியூசிலாந்துக்காரர்கள் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, இந்தியில், “நீ?” என்றார்.

மூன்று வாரத்தில் எனக்கு விமானம். “வருவேன்” என்றேன்.

அடுத்த குளிர்காலம்வரை மரத்தில் கை வைப்பதில்லை, நாங்கள் திரும்பி வந்தால் அதற்குப் பிறகும் இல்லை என்று முடிவாயிற்று. கேரியரில் மலையிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் எனக்குத் தாங்கவில்லை. “மராமா, நாங்க ஆக்லாந்து போறோம். விசா வந்தாச்சு” என்றேன். அதை வெளியாள் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

“ஆக்லாந்துலேருந்து பிளேன் இருக்கில்ல? டிக்கெட்டு எடுத்துக்கிட்டு வா. நீ சொன்ன வார்த்தையிலதான் காடு நிக்குது” என்றார். கோபமே இல்லை, பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

ஆக்லாந்தில் ஒரு பெரிய கடையில் ஃபிலிம் கழுவும் வேலை கிடைத்தது. அடுத்த ஜூலையில் டிக்கெட் எடுத்தேன். “எல்லாரும் அந்த ஊர வுட்டு ஓடறாங்க, நீ புறா பாக்க போறியா?” என்று என் வீட்டுக்காரர் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு விமான நிலையத்துக்கு அவரே கொண்டுவந்து விட்டார்.

நியூசிலாந்துக்காரர்களும் சொன்னபடி ஆறு பேரோடு வந்திருந்தார்கள். மரங்கள் நின்றன. தலைவர் பாயில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். உறுத்திக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டேன்: அன்றைக்கு வருவேன் என்றபோதே நான் நாட்டை விட்டுப் போக இருந்தேன், அதை மறைத்தேன்.

“தெரியும்” என்றார். “அந்த வருஷம் பாவில யார்தான் போகல?”

“தெரிஞ்சுமா என்னைக் கேட்டீங்க?”

“போறவங்ககிட்டதான் கேக்கணும். இருக்கறவங்க கேக்காமலே வருவாங்க.”

மூன்றாம் நாள் நான் கேரியரில் ஏறும்போது கிழவர் ரோடுவரை நடந்து வந்து, மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார்: “திரும்பி வருவியா?”