கை சும்மா இருந்தால் பாட்டு வராது

சணல் சாக்கை உதறினால் ஒரு தூசி கிளம்பும் பாருங்கள்... நெல் உமி, மண்ணெண்ணெய், பழைய மழை எல்லாம் கலந்த வாசனை. இன்றைக்கும் எங்கேயாவது அது மூக்கில் ஏறினால் முதலில் தும்முவேன். அப்புறம் தானாக ஒரு பாட்டு வாயில் வந்துவிடும்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்கள் அத்தாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) சாக்குக் கடை. பின்னால் ஒரு குடோன். கிழிந்த சாக்குகளைத் தைக்க அங்கே பெண்கள் வருவார்கள். காலேஜ் முடித்துவிட்டு நான் கடையைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். நம்ம ஊர் தனி மாவட்டமான புதிது.

களமருதூரிலிருந்து வரும் அஞ்சலை அக்காதான் அங்கே தலைவி. அவர் நடவுப் பாட்டை எடுப்பார். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த சின்னப்பொண்ணு அக்கா சாமை அறுக்கிற பாட்டைச் சேர்ப்பார். நான் எங்கள் வீட்டு மருதாணிப் பாட்டைப் பாடுவேன். மூன்றும் மூன்று மெட்டு, ஒன்றுக்கொன்று ஒட்டவே ஒட்டாது. அதனால் ஒவ்வொன்றும் முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து பாட அஞ்சலை அக்காவே இரண்டு வரி கட்டினார்.

"கிழிஞ்ச பக்கம் எங்க இருக்கு, திருப்பிப் போடடி...
கைக்குக் கை மாத்திக்கினே இழுத்துத் தையடி..."

தைத்து முடித்ததும் கோணி ஊசியைக் கொண்டையில் செருகிக்கொள்வது அவர்கள் எல்லாருக்கும் வழக்கம். பார்த்தால் எனக்குப் பகீரென்று இருக்கும்.

அஞ்சலை அக்காவின் மகள் செல்வி இங்கேதான் காலேஜில் படித்தாள். ஒரே ஊரிலிருந்து அம்மாவும் மகளும் வேறு வேறு பஸ்ஸில் வருவார்கள். சாயங்காலம் தோழிகளோடு எங்கள் கடையைத் தாண்டிப் போகும்போது செல்வி திரும்பிப் பார்க்க மாட்டாள். அவள் குரல் கேட்டாலே அஞ்சலை அக்கா சாக்குக் கட்டுக்குப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

"அவ சிநேகிதப் பொண்ணுங்களுக்குத் தெரியாது பாப்பா. நான் விவசாயம் பாக்குறேன்னு சொல்லிக்கினு இருக்குது. இருந்துட்டுப் போவுட்டும்."

எனக்குச் செல்வி மேல் கோபம் கோபமாக வரும். அக்கா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் கல்யாண மண்டபத்தில் ஒரு கூட்டுப் பாட்டு விழா. மலை, வயல், டவுன்... எல்லா ஊர்ப் பெண்களும் கலந்து பாட வேண்டும். கடைக்கு வந்த ஒரு டீச்சர் எங்கள் பாட்டைக் கேட்டுவிட்டுப் பேர் கொடுத்துவிட்டார். அஞ்சலை அக்கா ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்.

"சாக்கு, மூட்டைன்னு மேடையில ஒரு பேச்சு வரக் கூடாது. செல்வி காலேஜே வருதாம்."

அத்தாவின் லோடு வண்டியில் சாக்குக் கட்டுகள் மேல் உட்கார்ந்துதான் போனோம். இறங்கியதும் புடவையைத் தட்டித் தட்டித் தூசி போக்கினோம். ஊசியெல்லாம் குடோனிலேயே விட்டாச்சு.

மேடையில் வரிசையாக நின்றோம். மைக் வந்தது.

பாட்டு வரவில்லை.

அஞ்சலை அக்கா வாயைத் திறக்கிறார், முதல் வரியே இல்லை. சின்னப்பொண்ணு அக்கா என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். யாரும் அதை நின்றுகொண்டு பாடியதே இல்லை! கையில் சாக்கு இல்லாமல் பாடியதே இல்லை. அது எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. கீழே சிரிப்பு ஆரம்பித்துவிட்டது.

அஞ்சலை அக்கா கூட்டத்தைப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் செல்வி, சுற்றிலும் தோழிகள். பிறகு என் காதருகே வந்தார்.

"கை சும்மா இருந்தா பாட்டு வர மாட்டுது பாப்பா. வண்டியில கீற சாக்க எடுத்துக்கினு வா."

"அக்கா... செல்வி..."

"தெரியும். எடுத்துக்கினு வா."

ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் அத்தா ஒரு கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு அவரே மேடைக்கு வந்துவிட்டார். குடோனில் போலவே தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். "ஊசி?" என்றார் அஞ்சலை அக்கா. சின்னப்பொண்ணு அக்கா அசடு வழியக் கொண்டையில் கை விட்டு, கனகாம்பரத்துக்கு அடியிலிருந்து ஒரு ஊசியை உருவினார்! பழக்கதோஷம்.

அஞ்சலை அக்கா அதை வாங்கிக் கோக்கப் பார்த்தார். சணல் நூல் பிரிந்து பிரிந்து ஊசிக் காதில் போகவே மாட்டேன் என்றது.

மூன்றாவது வரிசையில் செல்வி எழுந்தாள். போயே போய்விட்டாள் என்று நினைத்தேன். அவள் மேடை ஏறி வந்தாள்.

"குடும்மா. நனைக்காம கோத்தா எப்டி போவும்?"

நூல் முனையை நாக்கில் நனைத்து, முறுக்கி, ஒரே தடவையில் கோத்துக் கொடுத்தாள். அப்படியே அம்மா பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அதற்கப்புறம் பாட்டை நாங்கள் தேட வேண்டியிருக்கவில்லை. நடவு, சாமை, மருதாணி எல்லாம் வந்தது. அந்த இரண்டு வரியை மண்டபமே திருப்பிப் பாடியது. சத்தமாகப் பாடியது செல்வியின் தோழிகள்தான். மேடை ஓரத்தில் அத்தா வேறு தப்புத் தப்பாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

இப்போதும் நாங்கள் பாடுகிறோம். போன மாதம் சங்கராபுரத்தில் ஒரு விழா. மேடையில் எத்தனை நாற்காலி போடட்டும் என்று போனில் கேட்டார்கள். "நாற்காலியெல்லாம் வேணாங்க, சாக்கு நாங்களே எடுத்தாந்துடுவோம்" என்றேன். "சாக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார்கள்.

செல்விக்குச் சென்னையில் வேலை. லீவில் வந்தால், கூட வேலை பார்க்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு நேராக எங்கள் கடைக்குத்தான் வருகிறாள். தெருவிலிருந்தே அவள் குரல் கேட்கும்.

"எம்மா... எங்க கீற? இவங்களுக்கு உன் பாட்டு கேக்கணுமாம்!"

அந்தக் குரல் கேட்டதும் அஞ்சலை அக்கா பழைய ஞாபகத்தில் இன்னமும் சாக்குக் கட்டுப் பக்கம் ஒரு அடி நகர்கிறார். அப்புறம் சிரித்துக்கொண்டே வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்கிறார்.